நடந்த சாம்பல்

ஈரத்துணியால் துடைத்த இலையில் பச்சை வாசனையோடு கொஞ்சம் தூசியின் வாசனையும் எழும். நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. ஜன்னலைத் திறந்து வைத்தால் அனல்மின் நிலையத்தின் மெல்லிய சாம்பல் வந்து உட்காரும் ஊர் அது. இலைமேல் வெள்ளையாக எதைக் கண்டாலும் "தெர்மல் சாம்பல்" என்று துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் ஏழாவது படித்த வருஷம் அந்த வழக்கம் எங்களை நன்றாக ஏமாற்றியது.

எதிர் குவார்ட்டர்ஸ் கலா அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. பிரசவத்துக்குப் பண்ருட்டியில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, கல்யாணமான புதிதில் வைத்த மணி பிளான்ட்டைத் தொட்டியோடு தூக்கி வந்து, "நான் புள்ளையோட வர்ற வரைக்கும் நீங்கதாங்க பாத்துக்கணும்" என்று என் அம்மாவிடம் கொடுத்தார். செடிக்கு ஏதாவது ஆனால் கலாவுக்கும் ஆகிவிடும் என்ற பயம் அன்றே அம்மாவுக்குள் புகுந்துகொண்டது.

பயத்தில் அம்மா தினமும் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார், அதே துணியால் எங்கள் குரோட்டன்ஸையும் துடைத்தார், தண்ணீரும் ஊற்றினார். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா தன் பங்குக்கு ஒரு சொம்பு, பள்ளி விட்டு வரும் நான் ஒரு சொம்பு. இலைகள் மஞ்சளாயின. சாம்பலோ துடைக்கத் துடைக்கக் கணுக்களில் கூடிக்கொண்டே போனது. "காத்து இந்தப் பக்கமா அடிச்சிக்கினு இருக்கு, அதான்" என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்காக வாங்கிய லென்ஸைச் சும்மா அந்தச் சாம்பல்மேல் பிடித்தேன். சாம்பல் நடந்தது. மாவு பூசிய உடம்பும், ஓரமெல்லாம் வெள்ளை இழைகளும், நம்ப முடியாத அளவு சின்னக் கால்களுமாக ஓர் ஊரே அங்கே குடியிருந்தது. பயப்படக்கூடத் தோன்றாமல் வாய் பிளந்து நின்றேன். அம்மா குனிந்து பார்த்தார். "ஐயோ, மாவுப்பூச்சி! நானே துணில தூக்கிக்கினு போயி எல்லாச் செடிலயும் வுட்டிருக்கேனே!"

நிலக்கரி மைன்ஸில் பம்ப் ஆபரேட்டரான அப்பா தொட்டியைக் கவிழ்த்தார். அடித்துளை அடைத்திருந்தது, பழுப்பேறிய வேர்கள் தொட்டாலே கூழாகி நாறின. "தண்ணிய எறைக்கலன்னா மைன்ஸே முழுவிடும்னு தெனம் சொல்றவன் நான். வூட்ல மூணு ஷிப்ட்டும் ஊத்திக்கினு இருந்திருக்கோம்" என்று சிரிக்க முயன்றார். அம்மா அழுதுவிட்டார்.

அழுகாத ஒரு கொடித்துண்டைக் கணுவோடு வெட்டி, சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் கலந்து கழுவி, கண்ணாடிப் பாட்டிலில் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றினோம். ஒரு வாரமாகியும் அது அப்படியே நின்றது. அப்போதுதான் பண்ருட்டியிலிருந்து போன் வந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம். போனை வைத்த அம்மா நேராகப் பாட்டிலிடம் போய், "இனிமே நீ மெதுவாவே வா" என்றார். இரண்டு நாள் கழித்து, கணுவிலிருந்து நூலளவு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ஒரு வேர் பிறப்பதை முதல்முறையாகப் பார்த்த நான் அன்று விளையாடவே போகவில்லை.

குழந்தையோடு வந்த அக்காவிடம் அம்மா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அக்கா பாட்டிலையும் மடியையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டுக்கும் ஒரே வயசுங்க" என்றார்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நெய்வேலியில் இன்று எங்களுக்கு வீடில்லை. அந்தக் கொடியின் ஒரு கிளை சென்னையில் என் ஜன்னலில் இருக்கிறது. போன வாரம் அதன் இலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. துணியை எடுக்கவில்லை, லென்ஸைத்தான் எடுத்தேன். நெடுநேரம் பார்த்தும் அது நடக்கவில்லை, வெறும் தூசி. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.