வெளியாள் எழுதியது

குணசுந்தரிக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவளே எல்லாரிடமும் சொல்வாள். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர் என்று பிழைப்பு ஓடுகிறது. எங்கள் ஊர் ரயில் வரலாற்றுச் சங்கத்தின் ‘தண்டவாளம்’ இதழும் அங்கேதான் அச்சாகிறது.

அச்சாகிறது என்பது பாதி உண்மை. எழுதப்படுவதும் அங்கேதான். சங்கத்து ஆட்கள் எல்லாரும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள். வாயைத் திறந்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார்கள். பேனாவைக் கொடுத்தால் வண்டி நகராது. அதனால் கடைக்கு வந்து தே தாரேக் டீயை உறிஞ்சிக்கொண்டே கதை சொல்வார்கள். குணசுந்தரி குறுக்குக் கேள்வி போட்டுக் கேட்டுக்கொண்டு, பிறகு எழுதுவாள். கட்டுரைக்கு மேலே சொன்னவர் பெயர் வரும். “எப்படி எழுதியிருக்கேன் பாத்தியா?” என்று அவரவர் வீட்டில் காட்டிப் பெருமையடிப்பார்கள். இவளுக்குச் சிரிப்புதான் வரும். கதை அவர்களுடையது, வார்த்தை தன்னுடையது, கட்டுரை யாருடையது என்று கேட்டால் தனக்கே தெரியாது என்பாள்.

போன வருடம் அவள் அம்மா பாப்பம்மா இறந்துபோனார். சிடாம் கிரி தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரயில் ஜன்னலோரம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்று இவளைப் படிக்க வைத்தவர். ஊரார் பெயரையெல்லாம் அச்சடிக்கும் மகளின் கடையில் அந்த அம்மாவின் பெயர் ஒரே ஒருமுறைதான் அச்சேறியது, கருமக்கிரியை அட்டையில். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவைப் பற்றி முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கட்டுரை எழுதினாள்.

சங்கத் தலைவர் நடராஜா, பழைய ஸ்டேஷன் மாஸ்டர். எழுதியவர் பெயரைப் பார்த்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா, இது மெம்பருங்க பத்திரிகைலா. வெளியாளுக்கு இடம் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்.”

“நான் வெளியாளா அங்கிள்?”

“ரயில்வேல வேல செஞ்சாதான் மெம்பர். ரூல்ஸ் அப்படி. நான் என்ன செய்ய?”

வீட்டுக்குப் போய் அழுதாள். படித்துவிட்டு நன்றாக இல்லை என்றிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பாள். படிக்கவே இல்லையே என்பதுதான் ஆறவில்லை.

அடுத்த இதழுக்கு நடராஜாவின் முறை. ஒன்றுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார். ‘நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு குணசுந்தரி டைப் செய்யத் தொடங்கினாள்.

“ஒருக்கா பஞ்சிர்லா, பெரிய வெள்ளம். லைன்ல தண்ணி, வண்டி நம்ம ஸ்டேஷன்லயே நின்னுபோச்சு. பிள்ளைங்கல்லாம் பசியில அழுவுது. பிளாட்பாரத்துல நாசி லெமாக் விக்கிற அம்மா ஒண்ணு, கூடையத் தூக்கிட்டு வண்டியில ஏறிருச்சு. பெட்டி பெட்டியா போயி சும்மாவே குடுக்குது. நான் டிக்கெட் இல்லாம ஏறக்கூடாதுன்னு கத்துறேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டிருச்சு! அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு. பேருதான் கேக்காம விட்டுட்டேன்.”

குணசுந்தரியின் விரல்கள் நின்றன. பிறகு ஒரு வரி அடித்தாள். முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி வரி: ‘அவர் பெயர் பாப்பம்மா.’

நடராஜா நிமிர்ந்தார். “பேரு நான் சொல்லலயே?”

“நான்தான் சொல்றேன். எங்கம்மா அங்கிள். நீங்க திருப்பிக் குடுத்தீங்களே, அந்தக் கட்டுரை முழுக்க அவங்கதான்.”

எழுந்து, அந்தத் தாளைக் கேட்டுக் கையை நீட்டினார். இம்முறை நின்றபடியே கடைசிவரை படித்தார். அதே வெள்ளம் அதிலும் இருந்தது. வீடு திரும்பிய அம்மா மகளிடம் சொன்னதும் இருந்தது: ‘பாவம், அந்த மாஸ்டருக்கும் பசி. அதான் கத்துறாரு.’

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடும்மா” என்றார். “ரூல்ஸ மாத்திடலாம். உன்னையும் மெம்பர் ஆக்கிடலாம்.”

குணசுந்தரி அதற்குள் தன் பெயருக்குக் கீழே ‘வெளியாள் எழுதியது’ என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டிருந்தாள்.

“வேணாம் அங்கிள். எங்கம்மாவும் டிக்கெட் இல்லாமதானே ஏறுனாங்க.”