ஹபீல் தையல்காரர் கண்ட பிறை

அலவத்துகொடயில் ஹபீலுக்கு இரண்டு வேலை. ஒன்று சட்டை தைப்பது, மற்றது பிறை பார்ப்பது. முதலாவதில் ஆள் சுமார்தான். சொன்ன நாளில் சட்டை கைக்கு வந்தது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. இரண்டாவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மற்றவர்கள் பிறையை வானம் முழுக்கத் தேடுவார்கள். ஹபீல் சூரியன் மறைந்த இடத்தை மட்டும் பார்ப்பார். அதற்கு மேலே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்துக்குள் புதுப்பிறை இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் சூரியனின் பின்னாலேயே இறங்கிவிடும். மறுநாள் இன்னொரு முஷ்டி மேலே நிற்கும். அப்போது யாரும் காணலாம், அதில் பெருமை இல்லை.

1931ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் அவருடைய கணக்கு பிழைத்தது. பிறைக்குப் பிறை சந்திரன் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் எடுக்கிறது. அரை நாளில் மாதத்தை முடிக்க முடியாது. ஆகவே சில மாதம் இருபத்தொன்பது, சில மாதம் முப்பது. இது மாறி மாறித்தான் வரும் என்று ஹபீல் தானாக முடிவு கட்டியிருந்தார். போன மாதம் இருபத்தொன்பது, ஆகவே நோன்பு முப்பது. அந்தத் தைரியத்தில் பதினான்கு வீட்டுப் பெருநாள் உடுப்பை ஒப்புக்கொண்டார். சந்திரனை அவர் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, எட்டு வீட்டுத் துணி வெட்டியது தைக்காமல் கிடக்க, ஊராரோடு பிறை பார்க்கப் பாறையில் ஏறினார். நோன்பு திறந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் தலைக்கு மேலே தேடிக்கொண்டிருந்தபோது அவர் கண்டுவிட்டார். வெட்டிய நகம்போல மெல்லிய கீற்று. அப்படியானால் நாளைக்கே பெருநாள். கண்டதைச் சொல்லாமல் இறங்கினார்.

பள்ளிவாசலில் வயற்காரர் பாயிஸ் மட்டும் பிறை கண்டதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். மறுநாள் பெருநாள் என்று அறிவிக்க இரண்டு சாட்சி வேண்டும்.

“பிறைக் கொம்பு எந்தப் பக்கம் ஈந்த?” என்று தொழுகை நடத்தும் லெப்பை கேட்டார்.

“மேல பாத்து, லெப்பை. தோணி மாதிரி படுத்து ஈந்த.”

சிரிப்பு எழுந்தது. ஊருக்குத் தெரிந்த பிறை, துணிக்கட்டில் ஒட்டி வரும் படத்துப் பிறை. அது நிமிர்ந்து நிற்கும். “பசியில மேகத்தக் கண்டிருப்பான்” என்று யாரோ சொன்னார்கள். பாயிஸின் முகம் செத்துப்போயிற்று.

லெப்பை ஹபீலைப் பார்த்தார். காணவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். முழுசாக ஒரு நாள் கிடைக்கும், எட்டு வீட்டு உடுப்பும் முடியும், யாருக்கும் எதுவும் தெரியவராது. ஹபீல் பாயிஸைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார்.

“நானும் கண்டன். பாயிஸ் சொல்றது சரி. பிறைக் கொம்பு எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் ஈக்கும். நம்மட பக்கம் சூரியன் நேராக் கீழ எறங்குது. அப்ப பிறை படுத்துத்தானே ஈக்கணும்? படம் கீறினவன் எந்த ஊரோ, யாருக்குத் தெரியும்.”

“இவ்வளவு நேரம் ஏன் சொல்லல்ல, ஹபீல்?”

“எட்டு வீட்டு உடுப்பு தைக்கல்ல, லெப்பை.”

லெப்பை இரண்டு சாட்சியையும் ஏற்றுக்கொண்டார். பெருநாளை அறிவிக்கும் தக்பீர் முழங்கியது. வீட்டில் மனைவி சித்தி றலியா, “முப்பது எண்டு சொன்னீங்களே” என்று மட்டும் கேட்டார். தைக்காத துணியில் அவருடையதும் இருந்தது.

மறுநாள் அந்த எட்டு வீட்டில் ஏழு வீட்டார் பழைய உடுப்போடு தொழுகைக்கு வந்தார்கள். எட்டாவது வீட்டுக்காரர் பாயிஸ், ஒரு கை மட்டும் தைத்த புதுச் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் ஹபீலைக் கட்டிப்பிடித்தார். ஹபீலுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது.

அடுத்த வருடம் ஊர்த்துணியெல்லாம் கட்டுகஸ்தோட்டைத் தையல்காரரிடம் போயிற்று. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, அங்கே துணி கொடுத்தவர்களே ஹபீலின் வாசலில் வந்து நின்றார்கள்.

“வாங்க ஹபீல் நானா. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எங்களுக்கு நம்பிக்கை.”

தைக்க ஒன்றும் இல்லாததால் ஹபீல் உடனே புறப்பட்டார்.