பெரிய பங்களாவைத் திறந்த சனிக்கிழமை

"சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பெரிய பங்களா பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அனைவரும் வருக." எஸ்டேட் ஆபீஸ் பலகையில் ஒட்டிய அறிவிப்பின் முழு வாசகம் இதுதான். ஆண்டு போடவில்லை. எந்த வாசல் என்றும் போடவில்லை. முதல் குறையை நான் தீர்த்துவிடுகிறேன்: கோவிட் அடங்கி, கூட்டம் கூட விட்ட முதல் ஆண்டு. இரண்டாவது குறையால் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பங்களாவின் முன்படிக்குக் கீழே நின்றே, அங்கே குடியிருந்த மேனேஜர் துரைகளிடம் கையெழுத்து வாங்கியவன். அன்று கழுத்தில் வழிகாட்டி அட்டையை மாட்டியதும் வரலாற்று நிபுணன் ஆகிவிட்டேன்.

தலைமை அலுவலகத்து அதிகாரி பிரகாஷ் முன்வாசலில் ரிப்பன் கட்டி, பன்னீர்ச் சொம்போடு காத்திருந்தார். பத்து மணியாகியும் ஆள் இல்லை.

"என்னா அங்கிள், ஒருத்தரும் வரலயே! டைரக்டர் வந்தா யார காட்றது?"

"பின்னால போய்ப் பாருங்க தம்பி."

தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனம் முழுவதும் குசினியின், அதாவது சமையல்கட்டின், கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றது. முன்படி துரைக்கும் விருந்தாளிக்கும்; மற்றவர்களுக்குக் குசினி வழி. கடைசித் துரை காலி செய்து போன பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை.

"எல்லாரும் முன்னால வாங்கம்மா, ப்ளீஸ்!"

"வேணாம்லா தம்பி. ரிப்பன் கிழிஞ்சிரப் போவுது," என்றாள் நர்சரியில் வேலை செய்யும் சரோஜா.

அவள் கையில் ஒரு பாட்டில் பழுப்புத் தண்ணீர் இருந்தது. ஆளில்லாத பங்களாவுக்கு டவுன் தண்ணீர். ஆளுள்ள லயத்துக்குத் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர். மனு போட்டுச் சலித்தவள், டைரக்டரிடம் நேரில் காட்ட வந்திருந்தாள்.

அதற்குள் டைரக்டரின் கார் வந்துவிட்டது. பிரகாஷ் பதறினார். "அங்கிள், குசினிக் கதவ சாத்திருங்க!"

என் அட்டையில் அந்த வேலை எழுதப்படவில்லை.

ஹாலில் டைரக்டர் உட்கார்ந்தார். பிரகாஷ் தொடங்கினார்: "இங்கதான் சார், தொரையும் வொர்க்கர்ஸும் ஒன்னா ஒக்காந்து டீ குடிப்பாங்க."

சரோஜா வெறுங்காலோடு குசினியிலிருந்து வந்தாள். காட்சிக்கு வைத்திருந்த தட்டில் ஒரு கிளாஸ்.

"ஆ, தே ஓ! குட், குட்," என்று டைரக்டர் அதைப் பால் கலக்காத தேநீராக எண்ணி எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"டீ இல்ல தொரை. எங்க லயத்துத் தண்ணி. ஒன்னா குடிக்கிற எடம்னு இவரு சொன்னாருல்ல?"

டைரக்டரோடு வந்த கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். நிறுவன இதழில் அது வெளிவந்தது: "தோட்ட மக்களுடன் தேநீர்." அடுத்த மாதம் லயத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள்.

நான் கற்றது இதுதான்: மூடிய கட்டடத்தை ஊருக்குத் திறக்கும்போது, எந்தக் கதவு என்று எழுதாமல் விடுவதே நல்லது.

ஒன்று மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. சரோஜா வாய் திறப்பதற்குள் டைரக்டர் விழுங்கினாரா? இல்லவே இல்லை என்கிறார் பிரகாஷ். ரெண்டு மடக்கு என்கிறாள் சரோஜா. நான் நின்ற இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது.