காய்ச்சி அனுப்பிய ஈஸ்ட்

காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டால், அதன் மேலிருக்கும் வழவழப்பைத் தின்பது ஈஸ்ட். பல வருடம் ஆய்வுக்கூடத்தில் அதன் மரபணுக்களோடு மல்லுக்கட்டியவள் நான். ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டி.என்.ஏ. வரிசையைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனபோது, "அவங்கவங்க வீட்டுல காப்பி ஊறுற தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டுவாங்க" என்றேன்.

ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் ஈஸ்ட்டுக்குத் தீனியான கூழைப் பரப்பி, அதன்மேல் அந்தத் தண்ணீரைத் தடவிவைத்தோம். எல்லார் தட்டிலும் ஈஸ்ட் வெள்ளைப் புள்ளிகளாக முளைத்தது. மாரமங்கலத்துப் பெண் ஒருத்தியின் தட்டு மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வகுப்பிலேயே இதற்கு அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "பாட்டிலை என்னதான் பண்ணித் தொலைச்சே?" என்றேன். "ஒண்ணும் பண்ணலீங்க மிஸ்" என்றாள்.

மறுநாள் வீங்கிய கண்களோடு வந்தாள். "எங்கம்மா அதைக் காய்ச்சிப்புட்டாங்க மிஸ்."

புளித்த தண்ணீர் நாறியதாம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பொருள் நாறினால் குடும்பத்துக்கே கேவலமென்று, கொதிக்கவைத்து, பாட்டிலையும் கழுவி ஊற்றிக் கொடுத்துவிட்டார். அடக் கடவுளே! கொதித்த தண்ணீரில் எந்த ஈஸ்ட் பிழைக்கும்? அவர்கள் வீட்டில் அறுவடை முடிந்து தொட்டியும் காய்ந்துவிட்டது; இனி அடுத்த அறுவடைக்குத்தான் தண்ணீர் கிடைக்கும். அடுத்த வருடம் அவளுக்குப் பொதுத்தேர்வு; இதற்கெல்லாம் யார் விடுவார்கள்?

சலிப்போடு பாட்டிலைக் கொட்டப் போனேன். அடியில் வண்டல் படிந்திருந்தது. சட்டென்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் வளரத்தான் ஈஸ்ட்டுக்கு உயிர் வேண்டும். படிப்பதற்கு டி.என்.ஏ. இருந்தால் போதுமே! அதை வெளியே எடுக்க நாங்களே ஈஸ்ட்டைக் கொதிக்கவைப்பதுண்டு. இவ்வளவு படித்து என்ன புண்ணியம், இது உடனே தோன்றவில்லையே.

வண்டலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வரிசையைப் படிக்க நான் கொண்டுபோயிருந்த, கைக்குள் அடங்கும் கருவியில் அவளையே ஏற்றச் சொன்னேன். அடுத்த நாள் மடிக்கணினியில் வரிசைகள் வந்திருந்தன. துண்டு துண்டாகத்தான். ஆனாலும் ஈஸ்ட்தான், சந்தேகமேயில்லை.

"மிஸ், எங்க ஊட்டு ஈஸ்ட்டுங்க!" என்று குதித்தாள்.

அவள் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். காய்ச்சியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, செத்த ஈஸ்ட்டையும் படித்துவிட்டோம் என்று நீட்டி முழக்கி விளக்கினேன்.

"அது கெடக்கட்டுங்க மிஸ். காய்ச்சினது தெரிஞ்சதுலருந்து பாப்பா எங்கிட்ட பேசறதில்லீங்க. நொம்ப கஷ்டமா இருக்குதுங்க. இன்னிக்காச்சும் பேசுமுங்களா?"

போனைப் பக்கத்தில் நின்ற மகளின் கையில் கொடுத்தேன்.

"அம்மா" என்றாள்.