ஆளுக்குப் பதில் எட்டு சதவீதம்

நகராட்சி நீரேற்று நிலையத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர்தான். பகல் ஷிப்டுக்கு இரண்டு பேர்: இவர் மோட்டாரைப் பார்ப்பார், கூட்டாளி குளோரின் கலப்பார். நான்கு மோட்டார்கள் இரைகிற இடத்தில் கத்தித்தான் பேசவேண்டும். மகள்களின் கல்யாணம், மூட்டுவலி, மேலதிகாரியைப் பற்றிய ரகசியம் எல்லாவற்றையும் இருவரும் கத்தியேதான் பேசிக்கொண்டார்கள்.

கூட்டாளி ஓய்வு பெற்ற அதே மாதம் சம்பள உயர்வு வந்தது. மூன்று வருடமாகக் கையை விரித்த நகராட்சி, திடீரென்று எட்டு சதவீதம் கொடுத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது ஆணையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஓய்வு பெறுகிறவர்களின் இடத்துக்கு இனி ஆள் எடுப்பதில்லை.

குளோரினும் இவர் தலையில் விழுந்தது. வேலை பெரிய சுமையில்லை. காலை ஏழிலிருந்து மாலை மூன்று வரை ஒரு வார்த்தை பேச ஆளில்லை என்பதுதான் தாங்கவில்லை. வீட்டிலும் அதே கதை. மனைவி வெளியூரில் மகளோடு இருந்தாள், பேரனைப் பார்த்துக்கொள்ள.

ஒருநாள் மனு எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனார்.

"எனக்கு உயர்வு வேணாம் சார். அதை எடுத்துக்கிட்டு ஒரு ஆளைப் போடுங்க."

மேலாளர் மனுவை இரண்டு தடவை படித்தார். "சம்பளத்தைக் கூட்டிக் கேட்கத்தான் படிவம் இருக்கு. குறைச்சுக்கோங்கன்னு சொல்லப் படிவம் கிடையாதே! உங்க ஒருத்தரோட எட்டு சதவீதத்துல அரை ஆள்கூட வராதுங்க."

சங்கச் செயலாளர் காதுக்குச் செய்தி போயிற்று. சாயங்காலமே இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, மூணு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கினதை நீங்க வேணாங்கறீங்க? 'பாருங்க, ஊழியர்களே கேட்கல'ன்னு நாளைக்கு எல்லாருக்கும் ஆப்பு வைப்பாங்க."

"எனக்கு மட்டுந்தான் தம்பி வேணாம்னு சொன்னேன்."

"அப்படியெல்லாம் ஒரு ஆளுக்கு மட்டும்னு எதுவும் இல்லண்ணே."

செயலாளர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நகராட்சி அலுவலகத்தில் யாரும் இவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மதியம், ஈரப்படியில் வழுக்கி மோட்டார்களுக்கு நடுவே விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. எழ முடியவில்லை. செல்போன் மேலே மேசையில். கத்திப் பார்த்தார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் அப்படியே கிடந்தார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி, வழிந்து, தெருவெல்லாம் ஓடியது. யாரோ புகார் செய்ய, உதவிப் பொறியாளர் ஓடிவந்தார். முதலில் மோட்டாரை நிறுத்தினார். பிறகுதான் கீழே கிடந்தவரைப் பார்த்தார்.

"ஐயோ, நீங்களா! தண்ணி வழியுதுன்னுதானே வந்தேன்..."

இவர் காலில் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது தொட்டியில் மிதவை ஒன்று பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் நிரம்பினால் மோட்டார் தானே நின்றுவிடும். பொறியாளர் பெருமையாக விளக்கினார்.

"இனிமே ஒரு சொட்டு வழியாது, பாருங்க."

மோட்டார்காரர் மிதவையையே பார்த்தபடி நின்றார். இனி விழுந்தால் தெருவில் தண்ணீர்கூட ஓடாது. புகார் வராது. அடுத்த ஷிப்டு ஆள் வரும்வரை யாரும் வரமாட்டார்கள். 

மறுநாளே இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். நகராட்சி அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னல் காலியாக இருந்தது. வாங்கிக் கட்டிக்கொள்கிற இடம் என்று யாரும் உட்கார விரும்பாத நாற்காலி அது. அங்கே போனால் ஷிப்டு படி கிடையாது. கிட்டத்தட்ட அந்த எட்டு சதவீதமும் போய்விடும். மேலாளர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இதற்குப் படிவம் இருந்தது.

முதல் நாள் வந்த பெண்மணி எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார். "பத்து நாளா எங்க தெருவுல விளக்கு எரியல. சம்பளம் மட்டும் கூட்டி வாங்கிக்கிறீங்க! கூச்சமா இல்ல?"

"உட்காருங்கம்மா," என்றார் இவர். "எந்தத் தெரு? முதல்லேருந்து சொல்லுங்க."

அன்று நாற்பத்தொரு பேர் வந்தார்கள். திட்டாமல் போனவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம். பக்கத்து மேசைக்காரர்கள் இன்னும் இவரிடம் பேச ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போய், விளக்கைப் போட்டு, மனைவிக்குப் போன் செய்தார்.

"ஏங்க, குரல் என்ன இப்படிக் கம்மிப்போயிருக்கு? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல," என்றார். "பேசிப் பேசித்தான்."