இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

எங்கள் வீட்டு இசைத்தட்டுகள் எல்லாம் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. ஒன்று மட்டும் வெளியே, சைக்கிள் கொட்டகையில், பழைய பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் கிடக்கிறது. பிள்ளைகள் காரணம் கேட்டபோதெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எண்பது தாண்டிவிட்டது. இனிச் சமாளிக்க விருப்பமில்லை.

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் நான் வாடகைக்கு இருந்த வரிசையில் நான்காவது வீடு அக்காவினுடையது. உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் தம்பி என்றார். அவர் கணவருக்கு நகராட்சியில் சாலை போடும் வேலை. ஒரே மகள், நான் ஆசிரியராக இருந்த தமிழ்ப் பள்ளியில் என்னிடமே படித்தவள். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாட்டு கட்டுவார். தெருக்குழாயடி வரிசையைப் பற்றி, பெண் பார்க்கப் போகும் வழியில் டயர் வெடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மாப்பிள்ளையைப் பற்றி, பியானோவை விற்றுவிட்டுக் கப்பலேறும் துரைமார்களைப் பற்றி. நலங்கு, வளைகாப்பு, காதுகுத்து என்றால் பக்கத்து ஊர்களான கிளேபாங்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் கார் அனுப்பி அழைத்துப் போவார்கள். தாம்பூலத்தோடு சேலை வைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். சாலைக் கூலியின் மனைவிக்கு அந்த மரியாதை வேறு எதனாலும் கிடைத்திருக்காது.

இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்தின ஆண்டு சிங்கப்பூரிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்து அவரை ஒரு கல்யாண வீட்டில் கேட்டார். பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சிறிய தட்டு ஒன்று வெளிவந்தது. கோப்பிக் கடைகளில் அது ஓயாமல் ஓடியது. அவர் பாடியதைக் கேட்டு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டு, நாட்டைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். தூக்கினால் தோள் இறங்கிவிடும். அக்கா புதுப் பாட்டு கட்டும்போதெல்லாம் அதில் பாடிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவர் கையில் ஒரு கடிதம். படித்துச் சொன்னேன். கடல் தாண்டி, சொந்த ஊரில் அவருடைய அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரியமும் முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை. அவர் வீட்டில் அழ முடியாது. மகளுக்குப் பரிசம் போட்டிருந்த நேரம். சாவு விழாத வீட்டில், அதிலும் கல்யாணம் நிச்சயமான வீட்டில், ஒப்பாரிக் குரல் எழக்கூடாது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

“தம்பி, அந்தப் பெட்டியில ஒண்ணு பாடணும். பாடிட்டு நானே ஒரு தடவ கேட்டுக்கிறேன். எங்கம்மாவுக்கு வேற யாரோ அழுத மாதிரி இருக்கும்.”

உள்ளே வரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “கல்யாணம் ஆகாத பிள்ள நீங்க. உங்க வீட்டுக்குள்ள இதப் பாடலாமா?”

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே பின்பக்கம் காலியாகக் கிடந்த ஆட்டுக் கொட்டகைக்குப் பெட்டியைத் தூக்கிப் போனேன். சமையலறை ஜன்னல் வழியாக நானே ஒயர் இழுத்துக் கொடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அம்மாவைக் கூப்பிட்டார். என்ன பாடினார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியது போதும்.

பாடி முடித்து ஒரு தடவை கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போதும் தம்பி. அழிச்சிடுங்க.”

அழித்துவிடுகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, “அழிச்சிட்டேன்க்கா” என்றேன். அழிக்கவில்லை. இவ்வளவு நல்ல பாட்டு அழியலாமா என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அப்படி ஒன்று என்னிடம் மட்டும் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

சில ஆண்டுகளில் நீண்டநேரம் ஓடும் பெரிய தட்டுகள் வந்துவிட்டன. கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். பழைய இரண்டு பாட்டுகளோடு மேலும் ஆறைச் சேர்த்துப் பெரிய தட்டாகப் போடலாம், என் நாடாவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், உறையின் பின்பக்கம் முழுவதும் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். அக்காவுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஆறுக்கும் சரி என்றார். ஆறாவதாக ஒரு தாலாட்டு இருந்தது. அதில் பாதி மழைச் சத்தம். சிங்கப்பூரில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

“சார், ஒரு பாட்டு கொறையுது. பக்கம் நெறையல” என்று அவர் தொலைபேசியில் சொன்னார். உறை அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. நான் பஸ் ஏறிப் போய் அந்த ஒப்பாரி நாடாவைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். என் கட்டுரையில் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

தட்டு வந்த வாரம் புக்கிட் ரம்பாயில் ஒரு நலங்கு. அக்காவைக் கார் அனுப்பி அழைத்திருந்தார்கள். கூடவே என்னையும். முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. பெண்ணின் மாமா புதுத் தட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

“மாத்த வேணாம், ஊசியத் தூக்க வேணாம். நீங்க சோறு தின்னு கை கழுவுற வரைக்கும் அதுவே பாடும்” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “என்னக்கா, உங்க தொண்ட அங்க ஒழைக்குது, நீங்க இங்க உக்காந்து வெத்தல போடுறீங்க?” என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டார்கள். அந்தக் கணமே நான் எழுந்து போயிருக்கலாம். ஊசியைத் தூக்கியிருக்கலாம். கடைசிப் பாட்டு வருவதற்குள் யாராவது தட்டை மாற்றிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சிறிய தட்டு என்றால் ஒரு பாட்டோடு நின்றிருக்கும். இது நிற்காத தட்டு. மணப்பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் அம்மா என்று கதறியது.

ஒரு வரி முடியும்வரை யாருக்கும் புரியவில்லை. பிறகு பெண்ணின் அத்தை ஓடிப்போய் ஊசியைப் பிடுங்கினார். தட்டு கீறிய சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. பெண் அழ ஆரம்பித்தாள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. அவருக்கு எதிரில் இருந்த தாம்பூலத் தட்டை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது கார் தரவில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா என்னைப் பார்த்து, “அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே” என்றார்.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். மற்றப் பாட்டுகளைப் பிரதி எடுக்கும்போது நாடாவின் அடியில் மிச்சமிருந்ததை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான் என்றேன். அவர் நம்பினார். “விடுங்க தம்பி, உங்களுக்கும் கெட்ட பேரு” என்று என்னையே தேற்றினார். அந்தப் பஸ் பயணத்தில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான்கு நாள் கழித்து அவர் மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்தாள். உறையை எடுத்து அம்மாவுக்குப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினாள். ஆட்டுக் கொட்டகை, சமையலறை ஜன்னல், நான் இழுத்த ஒயர், இந்த அரிய ஒப்பாரியை உலகுக்குத் தருவதில் நான் அடைந்த மகிழ்ச்சி, எல்லாம் அதில் இருந்தன. கீழே என் பெயர். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அன்று மாலை அக்கா வந்தார். வாசல்படி ஏறவில்லை.

“சார்,” என்றார். அதற்குமுன் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “எங்கம்மாவுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான்.”

நான் உள்ளே போய் நாடாவை எடுத்து வந்தேன். அவர் வாங்கவில்லை. “இத வச்சு இனிமே நான் என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைகளுக்குத் தட்டுகள் திரும்பி வந்தன. கம்பெனி அந்தப் பாட்டை நீக்கிவிட்டு மறுபடி அச்சிடவில்லை, அப்படியே விட்டுவிட்டது. அக்காவை அழைக்க எந்த வீட்டிலிருந்தும் கார் வரவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவரும் அதன்பின் பாட்டு கட்டவில்லை. குழாயடியில் பார்த்தால் தலையசைப்பார். சார் என்பார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்தார். செய்தி கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது: அந்தப் பாட்டு ஒலிக்கக்கூடிய வீடு இன்று அவர் வீடுதான். தட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மகள் வாசலுக்கு வந்தாள். சுற்றியிருந்தது என்ன என்று அவள் கேட்கவே இல்லை.

“அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க சார். நீங்க வரலாம். அது வேணாம்.”

சாலையோரத்தில், சப்பாத்துகள் கழற்றிப் போட்டிருந்த இடத்துக்கு அருகில், தட்டோடு நின்றேன். தரையில் வைக்க மனமில்லை; யாரிடமும் கொடுக்கவும் முடியவில்லை. உள்ளே யாருக்கும் ஒப்பாரி பாடத் தெரியவில்லை. சவ வாகனம் புறப்படும்வரை நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்தும் தட்டை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை; சைக்கிள் கொட்டகையில் வைத்தேன்.