கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மாமா

என் பெரியப்பாவுக்குத் தெரியாத வேலை உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படித்தான் அவர் நம்பினார். வீட்டில் மற்றவர்களும் நம்பியாக வேண்டும். அதனால், அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று குடும்பப் படங்களை மண்டபத்துத் திரையில் ஓட்டுவது என்று முடிவானதும், ஸ்டூடியோவில் கொடுக்காமல் ஒரு ஸ்கேனரையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்போடு அதை இணைத்து, கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் அந்த மாதம்தான் ஸ்கேனரைப் பற்றிச் சொல்லியிருந்தார். முதலில் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், படத்தை ஓரத்தில் மட்டும் தொட வேண்டும், பழைய படமென்றால் தெளிவின் அளவை அறுநூறு டிபிஐ வைக்க வேண்டும். எல்லாம் என் நோட்டில் இருந்தது. பெரியப்பா வேட்டி முனையால் துடைத்தார். சீக்கிரம் முடியட்டும் என்று நூறு வைத்தார். நான்கு படங்களை ஒன்றாகப் பரப்பி மூடியைப் போட்டார். திரையில் அத்தையின் முகத்துக்குக் குறுக்கே ஒரு தலைமுடி கயிறுபோல விழுந்து கிடந்தது.

"பெரிப்பா, முடி இருக்குது."

"மண்டபத்துல அதையெல்லாம் யாரு பாத்துக்கினு இருக்கப் போறாங்க? சும்மா இரு."

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அவள் பிறந்த வீட்டுப் படம் ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொன்னார். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுடைய தம்பி, என் மாமா, வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டூடியோவில் கையில் பிளாஸ்டிக் ரோஜாவோடு நின்று எடுத்துக்கொண்ட படம். பத்தொன்பது வயதில் பாலாற்று மணல் பள்ளத்தில் மூழ்கிப்போனவர். வேறு படம் எடுக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. மழை ஈரத்தில் அந்தப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா அதைத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள்.

பெரியப்பா சட்டத்தைக் கழற்றினார். சவரப் பிளேடை எடுத்தார்.

"எடுக்காதீங்க பெரிப்பா! கண்ணாடியோட அப்படியே வெச்சா போதும். ஒட்டினத பிய்க்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ்ஸ இங்க வந்து உக்காரச் சொல்லு" என்றார், பிளேடை ஓரத்தில் நுழைத்துக்கொண்டே.

படம் வந்தது. ரோஜா வந்தது, சட்டை வந்தது. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம்தான். மாமாவின் முகம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மூஞ்சிதானே போச்சு. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்மா" என்றார் பெரியப்பா, அம்மாவைப் பார்க்காமல்.

"நான் சொன்னேன் இல்ல? உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது! ஒண்ணுமே!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் அப்பாவின் தறிச் சத்தம் நின்றது. அடுத்த நொடி என் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. அடித்தது அம்மா.

"பெரியவங்கள எதிர்த்துப் பேசுவியா? பேசுவியா?" என்று இன்னும் இரண்டு வைத்தாள். தறிக்குழியிலிருந்த அப்பா எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது. பெரியப்பா அடுத்த படத்தை எடுத்து வைத்தார்.

இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பெரியப்பா வெளியே போயிருந்த நேரம், அம்மா ஒரு துணியைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அந்தக் கண்ணாடி. கண்கள், மூக்கு, அரும்பு மீசை எல்லாம் அதில் அப்படியே இருந்தன.

"இத மட்டும் அந்த மெஷின்ல வெச்சு எடுத்துக் குடுடி. நீ சொன்ன மாதிரியே எடு."

எனக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆனால் கன்னத்தின் வலி போயிருந்தாலும் ரோஷம் போகவில்லை. "எனக்கென்ன தெரியும்? பெரியவங்கள கேளு" என்றேன். அம்மா துணியை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். அங்கே பிரித்தபோது கண்ணாடி சுத்தமாக இருந்ததாம். துணியில் மட்டும் உதிர்ந்து கிடந்த கொஞ்சம் கறுப்புப் பொடி.

பெரியப்பா மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றுவரை தீரவில்லை. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என் மேலேயே இருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நியாயம் பேசிய என்னைப் பெற்றவளே அடித்துவிட்டாள் என்பதுதான். அந்தக் கூடத்தில் அவளால் கை ஓங்க முடிந்த ஒரே ஆள் நான்தான் என்பது தெரியவில்லை.